பழைய கணினி விளையாட்டின்ர கிற்றார் இசையை வாணி விழாவில வாசிக்கிறது: 12 கம்பி இல்லாமல் எப்பிடி? வாசிக்கலாமோ?

இரண்டு_கிற்றார்

வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தின்ர வாணி விழா இந்தமுறை கோயில் அன்னதான மண்டபத்தில நடக்குது. எங்களுக்கு 12 நிமிசம் ஒதுக்கியிருக்கினம். கையில இருக்கிறது ஆறு கம்பிக் கிற்றார் இரண்டு, வயலின் ஒண்டு, மிருதங்கம் ஒண்டு. மிருதங்கம் 2 கட்டைச் சுருதிக்குச் சேர்த்தது.

வாசிக்க நினைக்கிறது ‘டயப்ளோ’ முதலாம் பாகத்தில ஊருக்குள்ள நிக்கேக்க கேக்கிற அந்தக் கிற்றார். அந்த விளையாட்டுக்கு இசை போட்ட மாட் உல்மென் 12 கம்பிக் கிற்றாரில செய்தது. சமாதான காலத்து நெட் கபே தலைமுறைக்கு முதல் இரண்டு செக்கனிலேயே பிடிபட்டிடும்.

கேள்வி நாலு.

1. 12 கம்பிக் கிற்றார் இல்லை, வாங்கவும் ஏலாது. இரண்டு ஆறு கம்பியை வச்சு அந்தச் சத்தத்தை எடுக்கலாமோ? கொம்பியூற்றர் எபெக்ட் வேண்டாம்.
2. மண்டபத்தில மைக், ஸ்பீக்கர் எப்பிடி வைக்கிறது? கூரை உயரம், நிலம் முழுக்க மாபிள்.
3. விளையாட்டு இசை முடியிறதே இல்லை, சுத்திச் சுத்தி வரும். மேடையில எங்க, எப்பிடி முடிக்கிறது?
4. விழாக்குழுவில ஒரு ஐயா, “பேய் கொல்லுற விளையாட்டுப் பாட்டை சரஸ்வதிக்கு முன்னால வைக்கிறதோ?” எண்டு கேக்கிறார். சண்டைக்கு இல்லை, உண்மையா யோசிச்சுத்தான் கேக்கிறார். அவருக்கு என்ன மறுமொழி சொல்லலாம்?

கம்பிச்சுருள்

முதலாவதுக்கு மட்டும் சொல்லுறன். மற்றதுக்கு ஆக்கள் வருவினம்.

12 கம்பியில மெல்லிய பக்கத்து இரண்டு சோடியும் ஒரே சுருதியில நிக்கிற இரட்டைக் கம்பி. மிச்ச நாலு சோடியில ஒண்டு வழமையான கம்பி, பக்கத்தில நிக்கிறது ஒரு ஸ்தாயி மேல. அந்த மினுக்கம் முழுக்க இந்த நாலு மெல்லிய கம்பியாலதான் வருது. ஆனபடியா ஒரு கிற்றாரை வழமைபோல விட்டிட்டு, மற்றதில 3, 4, 5, 6ஆம் கம்பியளுக்குப் பதிலா ஒரு ஸ்தாயி மேல நிக்கிற மெல்லிய கம்பியளைப் போடுங்கோ. இரண்டும் சேர்ந்தால் ஒரு 12 கம்பி. இதை நாஷ்வில் ரியூனிங் எண்டு சொல்லுவினம், பாட்டு ஒலிப்பதிவில நெடுநாளா இருக்கிற முறை.

கம்பியைத் தனித்தனியாத் தேடி அலையாதேங்கோ. 12 கம்பி லைற் செற் ஒண்டு வாங்கினால் இரண்டு கிற்றாருக்கும் காணும். அதுக்குள்ள வழமையா வாற தடிப்பு, அங்குலக் கணக்கில, முதலாம் கம்பியில இருந்து:

வழமைக் கிற்றாருக்கு: 0.010, 0.014, 0.023, 0.030, 0.039, 0.047
மெல்லிய கிற்றாருக்கு: 0.010, 0.014, 0.008 அல்லது 0.009, 0.012, 0.018, 0.027

கம்பனிக்குக் கம்பனி ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும், உறையில எழுதியிருக்கிறதைப் பாத்துப் பிரியுங்கோ. பிரிச்ச உடன ஒவ்வொரு கம்பியிலயும் பேப்பர் ஒட்டி இலக்கம் எழுதுங்கோ. 0.008க்கும் 0.010க்கும் கண்ணால வித்தியாசம் தெரியாது.

இனி பிழைக்கிற இடங்கள்.

முதல் விசயம், இரண்டு கிற்றாரும் இரும்புக் கம்பிக்கு எண்டு செய்ததோ எண்டு நிச்சயப்படுத்துங்கோ. எங்கட பக்கத்தில கைமாறித் திரியிற கிற்றாரில கனக்க நைலோன் கம்பிக்குச் செய்தது. ஆரோ இரும்புக் கம்பி ஏத்தி விட்டிருப்பினம். உடம்பில கம்பி கட்டியிருக்கிற பாலம் (பிரிட்ஜ்) மெல்ல மெல்லக் கிளம்பும், பிறகு ஒருநாள் வெடிச்சுக் கழரும். பாலத்துக்குப் பின்பக்கம் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கோ. உள்ள போனால் அந்தக் கிற்றாரைத் தொடாதேங்கோ.

மெல்லிய கிற்றாரின்ர மூண்டாம் கம்பி முதலாம் கம்பியை விட உயர்ந்த சுருதியில நிக்கும். கன பேருக்கு இது விளங்காமல், “இது பிழை” எண்டு கீழ இறக்கி விடுவினம். பிழை இல்லை, அப்பிடித்தான். ஆனால் அறுகிறதும் அதுதான். அதை எல்லாத்துக்கும் கடைசியாக் கூட்டுங்கோ, மெதுவா. கூட்டேக்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ.

இதுக்கு நல்ல வழி, இரண்டு கிற்றாரையும் ஒரு முழுச் சுரம் கீழ இறக்கிறது. கம்பி ஆறும் டி, ஜி, சி, எஃப், ஏ, டி எண்டு வரும். உண்மையான 12 கம்பிக் கிற்றாரையே கன பேர் இப்பிடி இறக்கித்தான் வைப்பினம், இழுவிசை குறைஞ்சு கழுத்து தப்பும். உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கு: ஈ மைனர் உருவில பிடிச்சால் வெளிய கேக்கிறது டி, அதாவது 2 கட்டை. மிருதங்கம் அப்பிடியே சேரும், சுருதி ஏத்திறதுக்குக் கழுத்தில பூட்டுற காப்போவும் தேவையில்லை.

மெல்லிய கம்பி போட்டதால கழுத்தில இழுவிசை நல்லாக் குறையும். கழுத்து பின்பக்கம் வளைஞ்சு, முதல் மூண்டு கட்டத்துக்க கம்பி கிறீச்சிடும். கழுத்துக்குள்ள ஓடுற இரும்புக் கோலை கால் சுத்து தளர்த்திப் போட்டு ஒரு இரவு விடுங்கோ. ஒரே நேரத்தில அரைச் சுத்துக்கு மேல வேண்டாம். தலைப்பக்கத்தில கம்பியைத் தாங்கிற ‘நட்’ துண்டின்ர பள்ளம் தடிச்ச கம்பிக்கு வெட்டினது, 0.027 அதுக்குள்ள ஆடி ‘சிர்ர்’ எண்டும். பால்மா பைக்கற்றில ஒரு துண்டு வெட்டி மடிச்சுப் பள்ளத்துக்க வச்சால் நிக்கும். விழா முடிய எடுத்திடலாம், கிற்றாருக்குக் காயம் இல்லை.

வாசிப்பு. இரண்டு பேரும் எல்லாத்தையும் சேர்ந்து வாசிக்க வெளிக்கிட்டால் கெட்டுப்போகும். உண்மை 12 கம்பியில ஒரே விரல் இரண்டு கம்பியையும் தட்டுது. இரண்டு மனிசர் வாசிக்கேக்க 30 மில்லி செக்கன் பிந்தினாலே காது அதை இன்னொரு அடி எண்டு எடுக்கும். அதால மெல்லிய கிற்றார்காரர் பெருவிரல் சுரங்களையும் ஒவ்வொரு சுத்தின்ர முதல் அடியையும் மட்டும் எடுக்கட்டும். இடையில ஓடுற விரல்வேலையை வழமைக் கிற்றாருக்கு விடுங்கோ. சத்தம் மற்றதின்ர பாதி காணும். ஆக்கள் இரண்டு கிற்றார் கேக்குது எண்டு கண்டுபிடிச்சால் மெல்லியது கூடிப்போச்சு எண்டு அர்த்தம்.

கம்பியை விழாவுக்கு மூண்டு நாள் முந்தி மாத்துங்கோ, அண்டைக்கே மாத்தாதேங்கோ. புதுக்கம்பி இழுபட்டு இழுபட்டு இறங்கும். கடற்காத்து உப்பில மெல்லிய கம்பி ஒரு கிழமையிலேயே சொரசொரக்கும், வாசிச்சு முடிய ஒவ்வொருக்காலும் காய்ஞ்ச துணியால துடையுங்கோ.

வெளிவீதி

நாலாவதுக்கு என்ர பதில்: வேண்டாம்.

காரணம் பேய் இல்லை. வாணி விழா பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாதிரி இல்லை. கும்பம் வச்சு, ஏடு அடுக்கி, ஒன்பது நாள் பூசை செய்த இடம் அது. அங்க வாசிக்கிறது ஒரு படையல். படையல் எண்டால் ஆருக்கு எண்ட கேள்வி இருக்கு. பழைய ஞாபகத்தைக் கிளறுறது சபைக்கு வாசிக்கிறது. அதில பிழையில்லை, ஆனால் சபைக்கு வாசிக்கிறதை அம்பாளுக்கு வாசிக்கிறம் எண்டு சொல்லக் கூடாது. நிலையத்தின்ர ஆண்டு விழா இருக்கு, பொங்கல் விழா இருக்கு. அங்க வாசியுங்கோ, நானும் வந்து கேக்கிறன்.

பண்ணும்_பாட்டும்

வெளிவீதி சொல்வதில் பாதி எனக்குச் சரி. ஆனால் ஐயா கேட்டது வேறு கேள்வி. அந்தச் சுரங்களுக்குள் பேய் இருக்கிறதா என்பதுதான் அவருடைய ஐயம். அதற்கு இசையாலேயே பதில் சொல்லலாம்.

மேற்கத்திய விளையாட்டுகளிலும் படங்களிலும் பாழடைந்த கோயில், பாலைவனம், மந்திரவாதி என்று காட்ட வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப எடுக்கிற சுர வரிசைகள் இரண்டு. ஒன்று எங்கள் கணக்கில் வகுளாபரணம். மற்றது மாயாமாளவகௌளை. அவர்களுடைய காதுக்கு அந்தச் சின்ன ரிஷபமும் பெரிய காந்தாரமும் அடுத்தடுத்து வருவது மர்மம், ஆபத்து. யாழ்ப்பாணத்தில் ஏழு வயதுப் பிள்ளை சங்கீத வகுப்பில் சரளி வரிசை தொடங்குவதே மாயாமாளவகௌளையில்தான். பிள்ளை அதைக் கேட்டுப் பயப்படுவதில்லை, கொட்டாவி விடும்.

இன்னும் கிட்டப் போவோம். திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் கிழவனாக வந்து, ஓலையைக் காட்டி, “நீ எனக்கு அடிமை” என்று வழக்காடியபின் சுந்தரர் பாடிய முதற்பதிகம் பித்தன் என்று அழைத்தே தொடங்குகிறது. அதன் பண் இந்தளம். இந்தளத்தை இப்போது ஓதுவார்கள் பாடுவது மாயாமாளவகௌளையில். அங்கே பிசாசு வருகிறது என்று காட்டுகிற அதே சுரங்கள், இங்கே அடியவன் ஆண்டவனை உரிமையோடு ஏசுகிற சுரங்கள். சுரத்துக்கு மதம் இல்லை. கேட்டுப் பழகிய இடம்தான் அதற்கு நிறம் பூசுகிறது.

உங்கள் ஈ மைனர் இதைவிடச் சாது. இயல்பான மைனர் வரிசை என்றால் அது நடபைரவி. பயப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டு மெட்டு சந்நிதிக்கு வரலாமா என்றால், வந்து இருநூறு வருடமாகிறது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கத்தில் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பனி) பாண்டு வாத்தியக்காரர் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளை எடுத்து, தெய்வங்கள் மேல் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ஏறக்குறைய 40 உருப்படிகள், நோட்டுஸ்வரம் என்பார்கள், சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். உங்கள் நாலு பேரில் ஒருவர் கையில் இருப்பது அந்த வாத்தியம். அதை ஐயா எதிர்க்க மாட்டார்.

வாணி விழாவில் எல்லோரும் சேர்ந்து ஓதுகிற சகலகலாவல்லிமாலையின் வரலாறாகச் சொல்லப்படுவதையும் அவருக்கு நினைவூட்டலாம். குமரகுருபரர் காசியில் முகலாய ஆட்சியாளரோடு பேச அந்த ஊர் மொழி வேண்டுமென்று கலைமகளிடம் கேட்டுப் பாடியது என்பார்கள். அந்நிய மொழியைக் கேட்டு வாங்கிய பாட்டு அது.

இனி நான் வேண்டாம் என்று சொல்வது. மெட்டை எடுங்கள், வழிபாட்டுப் பொருளை அலங்காரமாக எடுக்காதீர்கள். ‘செல்டா: ஒக்காரினா ஒஃப் டைம்’ 1998இல் வந்தபோது அதில் நெருப்புக் கோயில் என்ற பகுதியின் இசையில் இஸ்லாமிய ஓதல் துண்டுகள் கலந்திருந்தன. விற்பனைக்குக் கிடைத்த ஒலித்துண்டுத் தொகுப்பிலிருந்து எடுத்தவை. வெறும் ‘சூழல் சத்தம்’ என்று நினைத்துச் சேர்த்தார்கள். பிறகு வந்த பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். 2008இல் ‘லிட்டில்பிக்பிளானட்’ வெளிவரும் நேரத்தில் அதன் ஒரு பாட்டில் குர்ஆன் வரிகள் இருப்பது தெரிந்து, தட்டுகளைத் திருப்பி எடுத்து, வெளியீட்டையே தள்ளிப்போட்டார்கள். இரண்டிலும் ஒரே பிழை: ஒருவருடைய தொழுகை இன்னொருவருக்குப் பின்னணிச் சத்தமாகிவிட்டது.

அதே பிழையை நாங்கள் எங்கள் பொருளை வைத்தே செய்யலாம். ஆகவே நடுவில் சங்கு ஊதுவது, சேமக்கலம் தட்டுவது, விளையாட்டு மெட்டுக்குத் தேவார வரியைப் பொருத்துவது ஒன்றும் வேண்டாம். சனம் கைதட்டும். ஆனாலும் வேண்டாம்.

வயலின்காரருக்கு ஒரு சொல். கிற்றாரின் சுரம் கட்டத்தில் அடைபட்டது, அசையாது. நடபைரவி என்று சொன்னவுடன் காந்தாரத்தையும் தைவதத்தையும் கமகம் கொடுத்து ஆட்டினால், கிற்றார் நிற்கிற சுரத்தோடு உரசி அபசுரமாகவே கேட்கும். கிற்றார் ஒலிக்கும்போது நேர்ச்சுரம். கிற்றார் ஓய்கிற இரண்டு தாளவட்டத்தில் மட்டும் ஆசை தீர அசைக்கலாம்.

பட்டன்_தேஞ்சது

ஐயாவுக்கு இதையும் சொல்லுங்கோ: அது பேயின்ர இசை இல்லை. டயப்ளோவில நிலத்துக்குக் கீழ 16 தளம். நாலு நாலாப் பிரிச்சு, ஒவ்வொரு பகுதிக்கும் வேற இசை. அதுகள்தான் கரைச்சலான சத்தம். இந்தக் கிற்றார் மேல ஊருக்குள்ள மட்டும்தான் வரும். காயம் மாத்துறது, வாளைத் திருத்திறது, கதைக்கிறது எல்லாம் அங்க. ஊர் சோகமா இருக்கும், ஆனால் அடிபடாத ஒரே இடம். அதாலதான் ஆக்களுக்கு இண்டைக்கும் அந்தக் கிற்றாரைக் கேட்டால் ஒரு மாதிரி இருக்கிறது.

கடவுள் நம்பிக்கை எண்டு பாத்தால் இதைவிட யோசிக்க வைக்கிற விளையாட்டுகள் இருக்கு.

‘பிளாக் அண்ட் வைட்’, 2001. விளையாடுறவர்தான் கடவுள். சனம் கும்பிட்டால்தான் அவருக்குச் சக்தி. ஆனால் கும்பிடுற சனத்துக்குப் பசிக்கும், களைக்கும். கும்பிடுற இடத்துக்கு நீங்கள் சாப்பாடு கொண்டுபோய்ப் போடாட்டி அந்தச் சனம் நிண்ட நிலையில செத்துப்போகும். கோயிலோட மடம் ஏன் வந்தது எண்டு பாடம் எடுக்கிறவை இதை ஒருக்கால் காட்டலாம்.

‘ஏஜ் ஒஃப் மிதோலஜி’, 2002. கடவுளின்ர தயவை மரம், பொன் மாதிரிச் சேமிக்கலாம். கிரேக்கருக்கு ஊர்ச்சனம் கோயிலில நிண்டு கும்பிட வேணும். எகிப்தியருக்கு நினைவுச் சின்னம் கட்ட வேணும். வடதேசத்தவருக்கு சண்டை பிடிக்கப் பிடிக்க வரும். மூண்டுவிதமான பக்தி, ஒரே கணக்குப் புத்தகம்.

எனக்குப் பிடிச்சது ‘பாஸ்டியன்’, 2011. டாரென் கோர்ப் செய்த இசை, அதிலயும் கிற்றார்தான் முதுகெலும்பு. நீங்கள் இரண்டாவது உருப்படி தேடினால் அங்க பாருங்கோ. அதில ஒரு சன்னிதி கட்டலாம், பத்துத் தெய்வம் இருக்கு. ஆனால் தெய்வத்தை அழைச்சால் வரம் கிடைக்காது, எதிரிக்குப் பலம் கூடும்! ஒண்டு எதிரியின்ர வேகத்தைக் கூட்டும், இன்னொண்டு அடியைப் பலமாக்கும். அந்தப் பாரத்தோட வெண்டு வந்தால் அனுபவமும் காசும் கூடக் கிடைக்கும். வெளிநாட்டு விமர்சகர் இதைக் கடினத்தைக் கூட்டுற பொத்தான் எண்டு எழுதிவிட்டுப் போவினம். செடில் குத்திக் காவடி எடுக்கிறவருக்கும், வெயிலில பிரதட்டை அடிக்கிறவருக்கும் இது வடிவா விளங்கும். பாரத்தைக் குறை எண்டு கேக்கிறது ஒரு வழிபாடு. பாரத்தைத் தானாக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போறது இன்னொண்டு.

மிக்சர்_மேசை

இரண்டாவது கேள்வி.

கோயில் வேலைக்கு வாற சவுண்ட் செற்றில வெளிய மரத்தில கட்டுற கூம்பு ஸ்பீக்கரும் உள்ள வைக்கிற பெட்டி ஸ்பீக்கரும் இருக்கும். உங்கட 12 நிமிசத்துக்குக் கூம்பை நிப்பாட்டச் சொல்லுங்கோ. கூம்பு 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ ஒண்டும் தராது, மேலயும் கெதியாக் கைவிடும். பேச்சுக்கு எண்டு செய்த சாமான். அதில கிற்றார் போனால் தகர டப்பாவில உளுந்து கொட்டின சத்தம்தான் மூண்டு ஒழுங்கைக்குக் கேக்கும்.

மைக்கைக் கிற்றாரின்ர ஓட்டைக்கு நேர வைக்காதேங்கோ. அங்க வச்சால் 100இல இருந்து 250 ஹேர்ட்ஸுக்குள்ள ஊளையிடும். கழுத்து உடம்போட சேருற இடத்துக்கு, 12ஆவது கட்டத்துப் பக்கம், ஒரு சாண் தூரத்தில வையுங்கோ. மிக்சரில 100க்குக் கீழ வெட்டி விடுங்கோ. கிற்றாருக்கு ஒரு மைக்தான் கிடைக்கும் எண்டால் அதை மெல்லிய கிற்றாருக்கும் வழமைக் கிற்றாருக்கும் நடுவில, வழமைக்குக் கிட்ட. கிட்டத்தூரத்தாலேயே அளவு சரிவரும். மிருதங்கத்துக்கு மைக் தேவையில்லை, உயரக் கூரைக்குக் கீழ அது தானாக் காணும். வயலினுக்கு மேல ஒண்டு.

மாபிள் நிலம், வெறுஞ்சுவர். எதிரொலி மண்டபமே தரும். சவுண்ட்காரர் அன்பா ‘எக்கோ’ போட்டு விடுவார், பேசினாலும் பாடினாலும் அவருக்கு அது பழக்கம். தொடங்க முன்னம் அந்தத் திருகை முழுக்கப் பூச்சியத்துக்கு இறக்கச் சொல்லுங்கோ. இரண்டு எதிரொலி சேர்ந்தால் விரல்வேலை கஞ்சியாப் போகும். ஆக்கள் நிறைஞ்சால் எதிரொலி குறையும், ஆனபடியா வெறும் மண்டபத்தில பாத்து வேகத்தை முடிவுசெய்யாதேங்கோ.

நெட் கபே சத்தம் மாதிரி வேணும் எண்டு ஆசைப்பட்டால் அதுக்கும் காரணம் இருக்கு. அந்தக் காலத்து விளையாட்டுகளில இடத்தை மிச்சம்பிடிக்க ஒலியை 22 கிலோஹேர்ட்ஸ் மாதிரி வீதத்தில வைக்கிறது சாதாரணம். பாதிக் கணக்கு, அதாவது 11 கிலோஹேர்ட்ஸுக்கு மேல ஒண்டும் இராது. அந்த மங்கல்தான் ஞாபகத்தில இருக்கிறது. மிக்சரில உயர்ந்த திருகைக் கொஞ்சம் குறைச்சால் கிட்ட வரும். ஆனால் 12 கம்பி மினுக்கத்துக்குப் பாடுபட்டுப்போட்டு அதையே குறைக்கிறது பகிடிதான்.

கிற்றாரில பிக்கப் இருந்து நேர வயர் போகுது எண்டால், மிக்சருக்கும் உங்களுக்கும் ஒரே பிளக் பொயின்றில இருந்து மின் எடுங்கோ. ஒண்டு மண்டபத்து லைன், மற்றது ஜெனரேற்றர் எண்டு பிரிஞ்சால் ‘ம்ம்ம்’ எண்டு ஒரு இரைச்சல் கடைசிவரை போகாது.

தொப்பி_வலந்தலை

மூண்டாவது. சுத்தி வாற இசையை மெல்ல மெல்லச் சத்தம் குறைச்சு முடிக்கலாம் எண்டு நினைப்பியள். மேடையில அது எடுபடாது. சனத்துக்கு முடிஞ்சுதோ, மைக் போச்சுதோ எண்டு தெரியாது. தீர்மானம் வைக்கிறதுதான் எங்கட வழி, அதாவது மிருதங்கத்தில ஒரே ஜதியை மூண்டுதரம் வாசிச்சு முடிக்கிறது.

நாலு அடித் தாளம் எண்டால் இரண்டு சுத்து ஒரு ஆதிதாள ஆவர்த்தனம். எட்டு அடி, அடிக்கு நாலு மாத்திரை, மொத்தம் 32. அதை இப்பிடி நிரப்பலாம்:

தகதிமி தகதிகிணதொம் (10), ஒரு மாத்திரை விட்டு
தகதிமி தகதிகிணதொம் (10), ஒரு மாத்திரை விட்டு
தகதிமி தகதிகிணதொம் (10)

10, 1, 10, 1, 10. முப்பத்திரண்டும் சரி, அடுத்த சமத்தில, அதாவது தாளத்தின்ர முதல் அடியில, எல்லாரும் ஒரே அடி. கிற்றார் இரண்டும் அந்த 32 மாத்திரையும் விரலை நிப்பாட்டி, ‘தொம்’ விழுற மூண்டு இடத்தில மட்டும் ஈ மைனரை உரசட்டும். கடைசிச் சமத்தில முழுக் கம்பியும் திறந்து அடிச்சு, கையால அமத்தாமல் விடுங்கோ. மண்டபம் மிச்சத்தைச் செய்யும்.

வேகம் நிமிசத்துக்கு 80 அடி எண்டால் இந்தத் தீர்மானம் 6 செக்கன். ஒத்திகையில கிற்றார்காரர் எண்ணத் தெரியாமல் இரண்டாவது ‘தொம்’முக்கு ஓடிவருவினம். அவை எண்ண வேண்டாம், சொல்லச் சொல்லுங்கோ. வாயால ஜதி சொல்லிப் பழகினால் கை தானா நிக்கும்.

தொடக்கத்தில மிருதங்கம் வேண்டாம். முதல் இரண்டு சுத்தும் வழமைக் கிற்றார் தனிய, மூண்டாவதுக்கு மெல்லியது, அஞ்சாவதுக்கு வயலின், ஏழாவதுக்கு மிருதங்கம். அதுவும் வலந்தலை எண்ட வலப்பக்கத்தில சாப்பு அடியைக் குறைச்சு, தொப்பி எண்ட இடப்பக்கத்தில கும்கி அடி. எல்லாம் முதல் அடியிலேயே வந்தால் அந்த ஊரின்ர தனிமை போயிடும், கலியாண வீட்டுப் பாண்ட் ஆகிடும்.

மிருதங்கத்தின்ர தொப்பியில பூசுற ரவைப் பசையை, வாசிப்புத் தொடங்கிறதுக்கு பத்து நிமிசத்துக்கு முன்னம் பூசினால் காணும். பேச்சுகள் நீளும், மேடைக்குப் பின்னால காத்துக்கொண்டு இருக்கேக்க ரவை காய்ஞ்சால் தொப்பி ஏறிப்போய் 2 கட்டையோட ஒட்டாது. சின்னச் செம்பில தண்ணி வச்சிருங்கோ. முகத்தாட்சணை பாக்காமல் நிகழ்ச்சி நடத்துறவரிட்டக் கேளுங்கோ, தலைவர் உரைக்கு முன்னமோ பின்னமோ எண்டு.

இரண்டு_கிற்றார்

எல்லாருக்கும் நன்றி. பாலத்துக்குக் கீழ கடதாசி செருகிப் பாத்தாச்சு, இரண்டிலயும் போகேல்லை. வெளிவீதி அண்ணை சொன்னதை அப்பிடியே தள்ளிவிட விருப்பமில்லை. பூசை நேரத்துக்கு வாசிக்காமல் பிறகு வாசிச்சால்? ஒழுங்கு எப்பிடி வைக்கலாம்?

பண்ணும்_பாட்டும்

ஒழுங்கு: பூசை, தீபாராதனை, பஞ்சபுராணம், சகலகலாவல்லிமாலை பத்துப் பாட்டும், பிரசாதம். அதோடு வழிபாடு நிறைவு. பிறகு திரையை மூடி, மேடையைக் கும்பத்துக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவரோடு வையுங்கள். வாசிப்பவர் முதுகு கும்பத்துக்குக் காட்டக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் 12 நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் வயலினும் மிருதங்கமும் நடபைரவி சாயலில் ஒரு சிறு உருப்படி வாசிக்கட்டும். கிற்றார் அதே சுருதியில் அங்கிருந்து எடுத்தால் சபையின் காது தானாக வழிவிடும். அறிவிப்பாளரிடம் விளையாட்டின் பெயரையும் செய்தவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். ஒளித்து வாசித்தால்தான் பிறகு கதை வளரும்.

வெளிவீதி

பிரசாதம் குடுத்து முடிஞ்ச பிறகு எண்டால் எனக்கு மறுப்பில்லை. அது சபை. ஆனால் பிரசாதம் எண்டால் அவல், கடலை, சுண்டல். ஆக்கள் கையில பேப்பர் சரையோட இருப்பினம். முதல் இரண்டு சுத்து தனிக் கிற்றார் எண்டு தொப்பி_வலந்தலை சொல்லியிருக்கிறார், அந்தச் சரசரப்புக்குள்ள அது ஒருத்தருக்கும் கேக்காது. தனிச் சுத்தை நாலாக்குங்கோ.

கம்பிச்சுருள்

நாலாக்கிறது சரி. ஒண்டு மறந்துபோனன்: மிச்சக் கம்பி ஒண்டும் இராது, 12 கம்பி செற்றில 12தான் இருக்கு. அந்த 0.009 மட்டும் தனியா இரண்டு கூட வாங்கி வையுங்கோ. மின்கிற்றார் கம்பியில முதலாம் கம்பியா விக்கிறதும் அதே தடிப்புத்தான், அது கடையில தனியாக் கிடைக்கும்.